வெள்ளையின் இடப்பக்கம்

என்னிடம் ஒரு கேள்வியை நேராகக் கேட்டால் நான் நேராகப் பதில் சொல்ல மாட்டேன். அது என் பிறவிக் குணம். "சோறு ஆக்கியாச்சா?" என்று கேட்டால், "அரிசி முடிஞ்சிரிக்கி" என்பேன். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். பிள்ளைகள் விடையைச் சுற்றி வளைத்தால் அடிமட்டத்தால் மேசையைத் தட்டியிருக்கிறேன். ஊருக்கு உபதேசம், அவ்வளவுதான்.

கலியாணம் முடித்த இரண்டாம் வருடம் என் கணவர் எனக்குச் செஸ் பழக்கினார். கம்பஸில் படித்தபோது ஹொஸ்டலில் அவர் பழகியது. காய்களின் ஓட்டம் பிடிபட்ட பிறகு ஒரு நாள் சிசிலியன் தற்காப்பைக் காட்டிவிட்டுச் சிரித்தார். "இது ஒனக்கெண்டே செஞ்ச ஆட்டம் புள்ள" என்றார்.

செஸ் தெரியாதவர்களுக்கு அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர் தன் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி நடுவில் வந்து நிற்பார். மரியாதை தெரிந்த கறுப்பு, தானும் ராஜாவின் சிப்பாயைத் தள்ளி முகத்துக்கு முகம் நிற்கும். சிசிலியன் ஆடுகிறவர் அப்படிச் செய்யார். ராணிப் பக்கத்து மந்திரியின் முன்னால் நிற்கும் சிப்பாயை ஓரமாக இரண்டு கட்டம் நகர்த்துவார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிப்பாய் வெட்டுப்பட்டுப் போக, அந்த நிரல் திறந்துவிடும். கறுப்பின் கோட்டை அங்கே வந்து குந்திக்கொள்ளும். பிறகு கறுப்பின் சண்டை முழுவதும் அந்தப் பாதையால்தான். வெள்ளையின் கதிரையில் இருந்து பார்த்தால் அது அவருடைய இடப்பக்கம்.

என் கணவர் தன் ராஜாவையும் எப்போதும் இடப்பக்கம் கொண்டுபோய்த்தான் கோட்டை கட்டுவார். கட்டிவிட்டு வலப்பக்கத்துச் சிப்பாய்களை என் ராஜாவை நோக்கி ஓட்டிக்கொண்டு வருவார். அவர் வலப்பக்கத்தால் என்னைப் பிடிப்பதற்குள் நான் அவருடைய இடப்பக்கத்தால் அவரைப் பிடித்துவிட வேண்டும். யார் முந்துவது என்பதுதான் முழு ஆட்டமும்.

முப்பது வருடம் அவர் வெள்ளை, நான் கறுப்பு. முப்பது வருடமும் அவர்தான் முந்தினார். அவர் இறக்காமத்துக்காரர். குளத்துத் தண்ணீரை எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் திறந்துவிடுவது என்று பார்க்கும் உத்தியோகம். ஆயிரம் வயல்காரர்கள் ஏசினாலும் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்றுதான் பார்ப்பார். பலகையிலும் அப்படியே. நான் எந்த மூலையில் என்ன களவு செய்தாலும் அவர் கண் முதலே அங்கே போய் நிற்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான் தப்பித்தவறி வென்றுவிட்டால், "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டு திரிவேன். "எங்கட ஊர் ஆனை சறுக்காது புள்ள, பாத்துப் பாத்துத்தான் வேலிய முறிக்கும்" என்பார்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. தோற்றவர்தான் ஆட்டத்தைக் கொப்பியில் எழுத வேண்டும். பிறகு இரண்டு பேரும் அதை வைத்துக்கொண்டு எங்கே பிழைத்தது என்று ஆராய்வோம். ஆடுவது அரை மணித்தியாலம், ஆராய்வது ஒரு மணித்தியாலம். இந்தக் குதிரையை இங்கே வைத்திருந்தால் என்ன, கோட்டையைக் கொடுத்துக் குதிரையை வாங்கியிருந்தால் என்ன என்று வாய்ச்சண்டை போவது ஆட்டத்தைவிட ருசி. தோற்பது நான்தான் என்பதால் கொப்பிகள் அநேகமாக எல்லாம் என் கையெழுத்து. சதுரக் கோட்டுக் கொப்பி பதினேழு சேர்ந்திருந்தது.

எட்டு வருடத்துக்கு முன்னர் மகளுக்குக் கலியாணம் பேசியபோது வீட்டை அவள் பேரில் எழுதினோம். எங்கள் கிழக்குக் கரையில் அது வழமை. பெண்ணுக்கு வீடு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். நான் கலியாணம் முடித்த அன்று என் உம்மாவும் வாப்பாவும் பின்னறைக்குப் போனார்கள். மகள் முடித்த அன்று நாங்கள் போனோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்வேன். ஆனாலும் என் சொந்த வீட்டில் அடுப்படிக்கு வருவதற்கும் தொண்டையைச் செருமிக்கொண்டு வரவேண்டியிருந்தது எனக்குத்தான் தெரியும்.

மருமகன் தங்கமான மனிதர். கல்முனையில் ஹாட்வெயார் கடை. ஐந்து நேரமும் பள்ளியில் தொழுகிறவர், மார்க்க விடயங்களில் இறுக்கம். ஒரு நாள் அவருடைய கைபேசியில் ஒரு பயான் போய்க்கொண்டிருந்தது. சதுரங்கம் ஆடுவது கூடாது என்று யாரோ ஒரு மௌலவி சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பல கருத்து உண்டு என்று எனக்கும் தெரியும், என் கணவருக்கும் தெரியும். மருமகன் எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்குக் கேட்கட்டும் என்று போட்டாரா என்பதும் தெரியாது. ஆனால் அன்று பின்னேரமே பலகை அலுமாரிக்கு மேலே போர்வைகளுக்குக் கீழே போய்விட்டது. போட்டது நான்தான். அதன்பிறகு மருமகன் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, அஸர் தொழுதுவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினோம். "கலியாணம் முடிச்ச புதுசிலயும் இப்பிடிக் கதவு சாத்தல்ல" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். நான் வாயைப் பொத்தச் சொல்வேன்.

போன வருடம் மாரிக்கு முன்னர் ஒரு பின்னேரம் என் கோட்டை அந்தத் திறந்த நிரலால் இறங்கி அவருடைய குதிரையை வெட்டியது. கோட்டையைக் கொடுத்துக் குதிரையை வாங்கும் அந்த வெட்டு சிசிலியனில் பழைய தந்திரம். முப்பது வருடமாக அவர் அதற்கு இடம் தந்ததில்லை. அன்று அவர் அதைக் கவனிக்காதவர் மாதிரி வலப்பக்கத்தில் ஒரு சிப்பாயைத் தள்ளினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஏதோ பெரிய திட்டம் வைத்திருக்கிறார் என்று பயந்துபோய்ப் பத்து நிமிடம் யோசித்தேன். திட்டம் ஒன்றும் இருக்கவில்லை. ஏழு நகர்த்தலில் அவர் ராஜா விழுந்தது.

அடுத்த கிழமை மறுபடியும் வென்றேன். பிறகு தொடர்ந்து வென்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: என் வாழ்க்கையில் அத்தனை சந்தோசமான மாதங்கள் குறைவு. அறுபது வயதில் எனக்கு மூளை திறந்துவிட்டது என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார். "இப்பதான் ஒனக்கு இந்த ஆட்டம் பிடிபட்டிரிக்கி" என்று என்னைப் பார்த்த பார்வையில் பெருமைதான் இருந்தது. ஏழாவது ஆட்டம் வென்ற அன்று நெய்ச்சோறு ஆக்கினேன். என்ன விசேஷம் உம்மா என்று மகள் கேட்டாள். சும்மா என்றேன். அவர் தட்டில் இடப்பக்கத்துச் சோறும் இறைச்சியும் அப்படியே கிடந்தன. தோற்ற கோபத்தில் தின்னாமல் எழும்புகிறார் என்று எனக்குள் ஒரு கள்ளச் சிரிப்பு.

கொப்பி அவர் கைக்குப் போனது. தோற்றவர்தானே எழுத வேண்டும். முதல் இரண்டு ஆட்டத்தை ஒழுங்காக ஓரத்தில் தொடங்கி எழுதியிருக்கிறார். போகப்போக எழுத்து கடதாசியின் நடுவில் இருந்து தொடங்கியது. பிறகு நடுவையும் தாண்டி வலது ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. "கொப்பிய ஏன் வீணாக்குறீங்க? அரைவாசிக் கடதாசி சும்மா கிடக்குதே" என்று ஏசினேன். கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க?" என்று கேட்டார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

அந்த "எங்க?" என்ற சொல் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

எட்டு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் அந்திக்குச் சரியான மழை. பள்ளிக்குப் போகமுடியாமல் வீட்டிலேயே மஃரிப் தொழுதோம். என் கணவர் முன்னால் நின்று தொழுவித்தார், அவருக்கு வலப்பக்கம் சற்றுப் பின்னால் மருமகன், அதற்குப் பின்னால் மகளும் நானும். தொழுகை முடிவில் வலப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தார். இடப்பக்கமும் திரும்பிக் கொடுக்க வேண்டும், திரும்பவில்லை. அப்படியே கையை ஏந்தித் துஆ ஓதத் தொடங்கிவிட்டார். வயது போனால் மறதிதானே என்று நான் இருந்துவிட்டேன். மருமகன் இருக்கவில்லை. துஆ முடியும்வரை காத்திருந்து, அவருக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, இடது கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இந்தக் கைய இறுக்கிப் பிடிங்க பாப்பம்" என்றார். பிறகு எழும்பி வந்து, நாளைக்குக் காலையில் டொக்டரிடம் போகிறோம் என்று என்னிடம் சொன்னார்.

எட்டு மாதம் அந்த மனிதரின் முகத்துக்கு நேரே இருந்து நான் காணாததை மருமகன் ஒரு தொழுகையில், முதுகுக்குப் பின்னால் நின்று கண்டுவிட்டார்.

கல்முனையில் ஒரு தனியார் கிளினிக். டொக்டர் ஒரு கடதாசியைக் கொடுத்து மணிக்கூடு ஒன்று கீறச் சொன்னார். என் கணவர் வட்டம் போட்டு, பன்னிரண்டு இலக்கத்தையும் வலப்பக்கத்துக்குள்ளேயே அடைத்துவைத்துவிட்டு, சரிதானே என்பது மாதிரி நிமிர்ந்து பார்த்தார். டொக்டர் அந்தக் கடதாசியில் நடுவால் ஒரு கோடு இழுத்து, "இவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறதே தெரியேல்ல" என்று எங்களுக்குக் காட்டினார். கண்ணில் பிழை இல்லை, மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்றார்.

கோட்டைக் கண்ட அந்தக் கணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கணிதம் படிப்பித்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. என் கோட்டை இறங்கிய நிரல், அவர் காணாத குதிரை, கொப்பியின் வெற்றுப் பக்கம், தின்னாத சோறு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவருடைய ராஜா இருந்த பக்கத்தையே அவர் காணவில்லை. நான் வென்றுகொண்டிருந்தது அந்த இருட்டில்.

"எப்ப இருந்து அம்மா இப்பிடி?" என்று டொக்டர் என்னைக் கேட்டார்.

மருமகன் பக்கத்தில் நின்றார். கையில் என் கணவரின் அடையாள அட்டையும் பழைய மருந்துத் துண்டுகளும் இருந்தன. எட்டு மாதம் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். செஸ் ஆடும்போது கண்டேன் என்று சொல்ல வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு ஆடினோம் என்று மருமகனுக்கு முன்னால் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளை கண்ட வயதில், மகளுக்கு எழுதிக்கொடுத்த வீட்டில், அந்த வீட்டுக்காரருக்குப் பிடிக்காததை ஒளித்துச் செய்தோம் என்று என் வாயால் சொல்ல வேண்டும்.

"ரெண்டு கிழம இரிக்கும் சேர்" என்றேன்.

நான் என் கணவருக்கு இடப்பக்கத்தில் இருந்தேன். என்னை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாரென்றால் நான் மாற்றிச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

இரண்டு கிழமை என்றதால் சின்னப் பாரிசவாதமாக இருக்கலாம் என்று டொக்டர் நினைத்தார். அதற்குக் குளிசை எழுதினார். ஸ்கேனுக்கு மூன்று கிழமை தள்ளி ஒரு நாள் கிடைத்தது. அந்த நாள் வருமுன்னரே ஒரு காலையில் என் கணவருக்கு வலிப்பு வந்தது. அம்புலன்ஸில் கண்டிக்குக் கொண்டுபோனோம். அங்கே படம் பிடித்துப் பார்த்தபோது மூளையின் வலப்பக்கத்தில் கட்டி. சத்திரசிகிச்சை செய்த பெரிய டொக்டர் சிங்களத்தில் சொன்னதை மருமகன் எனக்குத் தமிழில் சொன்னார்: "இது கனகாலமா வளந்திரிக்காம் மாமி. வீட்டில ஆரும் ஒண்டும் காணல்லயா எண்டு கேக்கிறார்."

இரண்டாம் தரமும் பொய்தான். தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினேன்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் சரியாகக் கதைக்கவில்லை. நாற்பத்தொரு நாள் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை சுபஹுக்குப் பிறகு மௌத்தானார். ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கினார்கள்.

நான் இத்தாவில் இருந்தேன். நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருப்பது. துக்கம் கேட்க வருகிறவர்கள் பொறுமையாக இருங்கள் என்று சொல்லிப் போவார்கள். பொறுமையில் எனக்குப் பிரச்சினை இருக்கவில்லை. வந்தவர்களில் ஒரு மனுசி, "நல்ல மனிசன், ஒங்கள விட்டு ஒரு நேரம் இரிக்கமாட்டார்" என்று அழுதபோது எழும்பி அறைக்குள் போய்விட்டேன். மரியாதை கெட்டவள் என்று நினைத்திருப்பா. நினைக்கட்டும்.

பக்கத்து வீட்டுத் தறி ஓடும் பின்னேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு பதினெட்டாவது கொப்பியை எடுத்தேன். அவருடைய கையெழுத்துக் கொப்பி. மகளின் பழைய கைபேசியில் செஸ் ஆராய்கிற செயலி ஒன்றைப் போட்டு, ஆட்டம் ஆட்டமாக அடித்துப் பார்த்தேன். எது சரி எது பிழை என்று அது இரக்கமில்லாமல் சொல்லிவிடும். அவருடைய நகர்த்தல்களுக்குப் பக்கத்தில் சிவப்பில் கேள்விக்குறிகள் விழுந்தன. ஒன்று, இரண்டு, சில ஆட்டங்களில் ஒன்பது. என்னுடைய நகர்த்தல்களுக்கும் விழுந்தன. அவருடைய பெரிய பிழையை நான் கண்டுபிடிக்காமல் விட்ட இடங்களும் இருந்தன. அதாவது நான் வென்றது திறமையாலும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. அந்த இயந்திரத்துக்கு என்ன தெரியும்? பலகையை இறக்கி, காய்களை அடுக்கி, முதல் தடவையாக அவருடைய கதிரையில் இருந்தேன். கொப்பியைப் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு, இடப்பக்கத்து மூன்று நிரலையும் ஒரு துணியால் மூடினேன். மீதி ஐந்து நிரலை மட்டும் வைத்துக்கொண்டு அவருடைய நகர்த்தல்களை ஒவ்வொன்றாகப் போட்டேன்.

அந்த ஐந்து நிரலில் அவர் ஒரு பிழையும் விடவில்லை. சிப்பாய்கள் நேரத்துக்குப் போயிருக்கின்றன. வலது கோட்டைக்கு நிரல் திறந்திருக்கிறது. ராணி என் ராஜாவின் வாசலில் வந்து நிற்கிறது. என்னுடைய காய்கள் மூடிய பக்கத்தில் இல்லாமல் இருந்தால், அநேகமான ஆட்டங்களில் இன்னும் இரண்டு மூன்று நகர்த்தலில் நான் செத்தேன். கண்ணுக்குத் தெரிந்த இடம் முழுவதையும் அவர் வழமைபோலப் பாத்துப் பாத்துத்தான் ஆடியிருக்கிறார். நிச்சயமாகத் தான் வெல்கிறேன் என்று நினைத்திருப்பார். ஒவ்வொரு முறையும் எங்கிருந்தோ வந்து நான் அவரை விழுத்தியிருக்கிறேன். அதற்கு அவர் என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னார். அன்று நான் சத்தம் போட்டு அழுதேன். மகள் ஓடி வந்து கதவைத் தட்டினாள். வாப்பாவின் நினைப்பு என்றேன். அது பொய்யில்லை.

இத்தா முடிந்த மறுநாள் மருமகனிடம், கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். என்ன சுகமில்லை மாமி என்று கேட்டார். போகும்போது சொல்கிறேன் என்றேன். கடைச் சாமான் ஏற்றும் வானில் முன் சீற்றில் ஏற்றிக்கொண்டார். கொப்பி என் மடியில் இருந்தது.

எங்கள் மருதமுனையில் இருந்து கல்முனைக்கு எவ்வளவு தூரம்? வாயைத் திறப்பதற்குள் பாதி வழி போய்விட்டது.

"மகன், மாமாவும் நானும் செஸ் விளையாடுற நாங்க" என்றேன்.

"தெரியும் மாமி" என்றார், பாதையைப் பார்த்தபடியே.

"எப்பிடித் தெரியும்?"

"சில நாள் நேரத்தோட வந்தாக் காய் வைக்கிற சத்தம் கேக்கும். நீங்க ரெண்டு பேரும் சண்ட புடிக்கிறதும் கேக்கும். அதுக்குத்தானே நான் வரக்குள்ள கேற்றச் சத்தமாத் துறந்துக்கிட்டு வாற, நீங்க எடுத்துவைக்கட்டும் எண்டு."

"ஒங்களுக்குப் பிடிக்காதெண்டு நெனச்சம் மகன்."

"எனக்குப் பிடிக்காதுதான். நான் ஆட மாட்டன். அதுக்கு? மாமாட வீடு, மாமா ஆடுறார்."

எட்டு வருடமாக நான் யாருக்கு ஒளித்தேனோ அவர், தனக்குத் தெரியும் என்பதை எட்டு வருடமாக எனக்கு ஒளித்திருக்கிறார். இரண்டு பேரும் மரியாதை பார்த்தோம். அந்த மரியாதைக்கு நடுவில் ஒரு மனிதர் இருந்தார்.

கொப்பியை விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்து வலப்பக்கம் ஒதுங்கியதைக் காட்டினேன். வானை ஓரமாக நிற்பாட்டிவிட்டு ஒவ்வொரு ஒற்றையாகப் புரட்டினார். முதல் ஆட்டத்துக்குப் போட்டிருந்த திகதியை விரலால் தடவினார்.

"அப்ப டொக்டர் கேட்டக்குள்ள ரெண்டு கிழம எண்டு ஏன் மாமி சென்ன?"

"நீங்க பக்கத்தில நிண்டீங்க மகன்."

சொல்லி முடிந்ததும்தான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. கொப்பியை மூடி என் மடியில் வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். பின்னால் வந்த வாகனங்கள் ஹோன் அடித்துக்கொண்டு போயின. என் பாரத்தை இறக்கிவைக்கப் போய் அதைத் தூக்கி இவர் தலையில் வைத்துவிட்டேன். நான் ஏதேதோ சொல்லப் பார்த்தேன். நீங்க ஒரு பிழையும் செய்யல்ல மகன், நான்தான், எனக்குத்தான் புத்தி இல்ல என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வானை எடுத்தார்.

கிளினிக்கில் எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டபோது நான் எழும்பினேன். அவர் எழும்பவில்லை. "நீங்க போங்க மாமி. நான் வெளிய நிக்கிறன்" என்றார்.

தனியாக உள்ளே போனேன். டொக்டருக்கு என்னை ஞாபகம் இருந்தது. இந்த முறை அவர் கேட்பதற்கு முன்னரே, எட்டு மாதம் என்று சொன்னேன். கொப்பியை மேசையில் வைத்தேன். அவர் செஸ் தெரிந்தவர் இல்லை. ஆனால் எழுத்து ஒற்றைக்கு ஒற்றை வலப்பக்கம் போவதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அப்போதே வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். உண்மையைச் சொல்லுங்கள், நான் ரீச்சர், தாங்குவேன் என்றேன்.

"பிழைச்சிருப்பார் எண்டு சொல்ல ஏலாது அம்மா" என்றார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனார். "இதில பிடிச்சிருந்தா ரெண்டு வருஷம் கூட இருந்திருப்பார். மூண்டும் இருந்திருக்கலாம்."

நன்றி சொல்லிவிட்டுக் கொப்பியை எடுத்துக்கொண்டேன்.

மருமகன் கதவுக்கு வெளியே சுவரோடு நின்றார். கதிரைகள் காலியாகத்தான் இருந்தன. என்னைக் கண்டதும் இரண்டு அடி வந்து, வகுப்பில் புள்ளி கேட்கும் பிள்ளையைப் போல என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன மாமி சென்னார்?"

"முந்தி வந்திருந்தாலும் ஒரு வித்தியாசமும் இல்லையாம், மகன்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். நான் அவருடைய முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு இரண்டு பேரும் வானடிக்கு வந்தோம், எனக்குக் கதவைத் திறந்துவிட்டார், வீட்டுக்கு வந்தோம்.